ரோசாப்பூக் குற்றம்

செப்டெம்பர் 16, செவ்வாய்

“சிகிச்சைக்குப் பின் உங்களை வீட்டுக்குக் கூட்டிச் செல்பவர் யார்? அன்றிரவு உங்களுடன் தங்குபவர் யார்?”

வைத்தியசாலைப் படிவத்தில் பதினோராவது கேள்வி. முதல் பத்துக்கும் எழுதிவிட்டேன். ஒவ்வாத மருந்து, கட்டுப்பல், கடைசி மாதவிலக்கு, எல்லாம். பதினோராவதுக்கு எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று எழுத அங்கே இடம் விடவில்லை.

திகதி நவம்பர் 6. கர்ப்பப்பைக்குள் வளர்ந்திருக்கும் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். “பெரும்பாலும் ஒன்றுமிராது” என்றார் அந்த இளம் டொக்டர். “பெரும்பாலும்” என்ற சொல்லை என் வேலையில் நானும் நிறையப் பாவிக்கிறேன். தெரியாததை மறைக்க அதைவிட நல்ல சொல் இல்லை.

மயக்க மருந்து கொடுப்பதால், கூட்டிப்போக ஒருவர் வராவிட்டால் தொடங்கவே மாட்டார்களாம். டாக்சிக்காரர் கணக்கில் வராதாம். கேட்டுப் பார்த்தேன்.

படிவம் மேசை லாச்சிக்குள்.

செப்டெம்பர் 18, வியாழன்

புது நாடு வந்திருக்கிறது: செயின்ட் லூசியா. கரிபியன் தீவு. வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்பும் கம்பனிகளுக்காக நாங்கள் நாட்டுக் குறிப்புகள் எழுதி விற்கிறோம். எல்லா நாட்டுக்கும் அதே நான்கு தலைப்பு: அரசு, மொழி, மதம், பண்பாடு. ஒவ்வொன்றுக்கும் முந்நூறு சொல். இதுவரை அறுபத்தொரு நாடு எழுதியிருக்கிறேன். மூன்றுக்குப் போயிருக்கிறேன். பேராதனையில் படித்த அரசறிவியல் இப்படித்தான் சோறு போடுகிறது.

அரசு: பிரித்தானிய மன்னரே அரசுத் தலைவர், அவருக்காக ஆளுநர் நாயகம், இரண்டு சபைகள். 1979இல் சுதந்திரம். அதற்கு முன் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்குமிடையே பதினான்கு தடவை கைமாறிய தீவு.

மொழி: ஆங்கிலம் (ஆட்சிமொழி). மதம்: பெரும்பாலும் கத்தோலிக்கர்.

“ஆட்சிமொழி” என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கும்போதெல்லாம் என் கை ஒருகணம் நிற்கும். அந்த ஒரு வரி ஒரு நாட்டுக்குள் என்ன செய்யும் என்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவள். ஆனால் அதற்கு அந்த முந்நூறு சொல்லில் இடமில்லை.

மாடியில் இருக்கும் மிஸ் பிலோமின் அந்தத் தீவுக்காரி என்றுதான் ஞாபகம். ஒன்பது வருடமாக ஒரே கட்டடம். குப்பைத் தொட்டி எந்த நாள் எடுப்பார்கள் என்பதைத் தவிர வேறு கதைத்ததில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

மேலே போனேன். கதவைத் தட்டுவதற்கு முன் படிக்கட்டில் இரண்டு நிமிடம் நின்றேன். என்ன பயம்? தெரியாது.

மிஸ் பிலோமினுக்கு எழுபத்தாறு வயது. எனக்குப் படிப்பித்த ஒரு சிஸ்டரின் பெயரும் பிலோமினாதான். அதைச் சொன்னதும் கதிரையைக் காட்டினார். பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் அவித்து வைத்திருந்தார். அதுதான் தேசிய உணவாம். மீன் எங்கள் கருவாட்டின் மச்சாள். மறுக்காமல் சாப்பிட்டேன்.

அவருடைய ஆங்கிலம் இங்கே எழுதும்போது யாழ்ப்பாணத்துப் பேச்சாகத்தான் வருகிறது. மாற்ற மனமில்லை.

உங்கள் மொழி எது என்று தாளும் பேனையுமாகக் கேட்டேன்.

“பள்ளிக்கூடத்திலை இங்கிலீஷ். வாய் தவறி எங்கடை வீட்டுப் பாஷை, பாட்வா கதைச்சால் அடி. சண்டைக்குப் பாட்வா. செபத்துக்கு ரெண்டும்.” யோசித்துவிட்டு, “எண்ணுறது மட்டும் எப்பவும் பாட்வாவிலைதான். காசோ, நாளோ, என்னவோ. இங்கிலீஷிலை எண்ணினால் பிழைச்சுப் போகும்” என்றார்.

அரசாங்கம் பற்றிக் கேட்டேன். “எது? அங்கை இருக்கிறதோ, எங்கடையோ?”

அவர்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறதாம். ஊரில் பூச் சங்கங்கள் உண்டு. இங்கே பிரித்தானியாவில், குரொய்டனிலும் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒன்று நடத்துகிறார்கள். அதில் ராசா, ராணி, நீதவான், பொலிஸ், நேர்ஸ், எல்லாப் பதவியும் உண்டு. வருடத்துக்கொரு திருவிழா. மிஸ் பிலோமின் முப்பத்தொரு வருடமாக நேர்ஸ்.

“உண்மையிலேயே நேர்ஸாக இருந்தீர்களா?”

“இல்லை. ஆசுப்பத்திரி லோண்ட்ரியிலை. வந்த புதிசிலை நேர்ஸ் வேலைக்குத்தான் எழுதிப் போட்டனான். உனக்கு லோண்ட்ரி சரிவரும் எண்டு சொல்லிப்போட்டினம். இருபத்தெட்டு வருசம் நேர்ஸ்மாற்றை சட்டையளை மடிச்சன்.” சிரித்தார். “பிறகு எங்கடை ராசா என்னைக் கூப்பிட்டு நீதான் நேர்ஸ் எண்டார்.”

அக்டோபர் 18ஆம் திகதி திருவிழாவுக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்றேன். கேட்ட உடனே மறுப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. பிறகு சாட்டுச் சொல்லலாம்.

செப்டெம்பர் 24, புதன்

அண்ணைக்குப் போன் அடித்தேன். கிங்ஸ்பரியில் இருக்கிறார். இந்த ஊரில் எனக்கு இரத்த உறவு அவர் குடும்பம் ஒன்றுதான். சிறிய ஒப்பரேஷன் என்று தொடங்கினேன். எங்கே என்றார். கர்ப்பப்பை என்றேன்.

அவர் கதவைச் சாத்தும் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நகுலா, இப்ப இதை ஒருதருக்கும் சொல்லாதை. எங்கடை பிள்ளை தக்ஷிகாவுக்குக் கலியாணம் கதைச்சுக்கொண்டிருக்கினம். பொடியன்ர ஆக்கள் உதெல்லாம் பரம்பரை எண்டு பாப்பினம். அண்ணிக்கும் சொல்லேல்லை. உனக்கு விளங்கும்தானே.”

விளங்கும். அண்ணிக்குத் தெரிந்தால் பின்னேரத்துக்குள் கோயில் முழுக்கத் தெரியும். என் விவாகரத்தும் அப்படித்தான் தெரிந்தது. பதினைந்து வருடம் ஆகியும் அவர்கள் என்னைப் பார்க்கும்போது முதலில் கழுத்தைப் பார்க்கிறார்கள்.

எல்லாம் விளங்கும். அவர் “நோகுதோ?” என்று கேட்கவில்லை. அது மட்டும்.

அக்டோபர் 2, வியாழன்

இரும்புச்சத்துக் குளிசை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. எழுதியது: 300 சொல் (மதம்).

அக்டோபர் 18, சனி

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இது நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

சாட்டு ஒன்றும் கிடைக்காததால் போனேன். தேவாலயத்துப் பூசைக்குப் போகவில்லை, எந்தக் கடவுளின் வீட்டுக்கும் நான் போய் வருடங்கள் ஆகின்றன. மண்டபத்துக்கு மட்டும், நான்கு மணிக்கு, ட்ராமில். வெறுங்கையோடு எப்படிப் போவது? பூச் சங்கம் என்றால் பூதானே என்று சுப்பர்மார்க்கெட்டில் ஒரு கட்டு ரோசாப்பூ வாங்கினேன். நல்ல சிவப்பு. பன்னிரண்டு.

அறுபத்தொரு நாட்டுக்குக் குறிப்பு எழுதியவள், தான் போகிற இடத்தைப் பற்றி ஒரு வரி படிக்கவில்லை.

கதவைத் திறந்தேன். உள்ளே முப்பது பேர் இருக்கும், எல்லோரும் வயதானவர்கள், எல்லோரும் நீலத்திலும் ஊதாவிலும். மேசைத் தலைப்பில் முடி வைத்த ராசாவும் ராணியும். ஒரு கிழவி பாட்வாவில் தனியாக ஒரு அடி பாட, மற்றவர்கள் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு அடி எடுத்து வைத்திருப்பேன்.

பக்கத்தில் விசில். காதுக்குள்.

பொலிஸ் தொப்பி போட்ட ஒருவர் கையை நீட்டி என் வழியை மறித்தார். பாட்டு நின்றது. எல்லா முகமும் என் பக்கம்.

பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ரோசாக்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பைக்குள் கையை விட்டு, ட்ரைவிங் லைசென்ஸை எடுத்து, இரண்டு கையாலும் அவருக்கு நீட்டினேன். கண்ணைத் தாழ்த்தி. விசில் ஊதினால் நிற்பது, நின்றதும் அட்டையை எடுப்பது, அட்டையைப் பார்க்கும்வரை முகத்தைப் பார்க்காதிருப்பது. நான் யோசிக்கவில்லை. கையே செய்தது. ஊர்ச் சோதனைச் சாவடிகளில் அந்தப் பாடம் படித்து முப்பது வருடம்.

மண்டபம் சிரித்தது. நானும் விளையாட்டில் சேர்ந்துகொண்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் கண்ணைத் தூக்காததை அவர் பார்த்துவிட்டார். மெதுவாக வாங்கி, இருபக்கமும் பார்த்து, “எல்லாம் சரியாக இருக்கு, அம்மா” என்று என் கையிலேயே திருப்பித் தந்தார்.

அதற்குள் மிஸ் பிலோமின் வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி, நெஞ்சில் தலைகீழாகக் குத்திய நேர்ஸ்மாரின் மணிக்கூடு. காதில் சொன்னார்: இரண்டு சங்கங்கள் உண்டு. ஒன்று ரோசா, மற்றது மார்கரிட் என்ற ஊதாப் பூ. இரண்டும் நூறு வருடத்துக்கு மேலாகப் பரம எதிரிகள். இவர்கள் மார்கரிட்.

நான் எதிரியின் கொடியோடு அரசவைக்குள் வந்திருக்கிறேன்.

வழக்கு உடனேயே விசாரிக்கப்பட்டது. நீதவான் மிஸ்டர் இப்போலித், முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர். கறுப்பு அங்கிக்குக் கீழே பழைய பஸ் கம்பனிச் சப்பாத்து. ரோசாக்கள் சான்றுப்பொருளாக வாளிக்குள் போடப்பட்டு, வாளி வெளியே மழைக்குள் வைக்கப்பட்டது.

“குற்றவாளியா, நிரபராதியா?”

“எனக்குத் தெரியாது” என்றேன். அது உண்மை.

“இவவுக்கு ஆர் பொறுப்பு?” என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

யாரும் பேசாதிருந்தது இரண்டு விநாடிதான் இருக்கும். அந்த இரண்டு விநாடியில் லாச்சிக்குள் இருக்கும் படிவம்தான் நினைவுக்கு வந்தது.

“நான்” என்றார் மிஸ் பிலோமின்.

தீர்ப்பு: ஒரு பாட்டுப் பாட வேண்டும், அல்லது ஓரிரவு நேர்ஸின் காவலில் சிறை. நான் பாடமாட்டேன் என்றேன். கெஞ்சிப் பார்த்தார்கள், மேசையில் தட்டினார்கள். நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். “அப்ப மறியல்தான்” என்று நீதவான் மணியை அடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த பாட்டுத் தொடங்கியதும் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாளிக்குள் ரோசாக்கள் நனைந்துகொண்டு இருந்தன.

அக்டோபர் 19, ஞாயிறு

கதவு தட்டிய சத்தம். திறக்கவில்லை. வாசலில் ஒரு கேக் துண்டு, நீலத் தாளில்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கிங்ஸ்பரி. அண்ணி தவநாயகி பதினெட்டுப் பேருக்குச் சமைத்திருந்தார். தக்ஷிகா கண்ணாடி போடாமல், யாரையும் அடையாளம் தெரியாமல் சிரித்துக்கொண்டு இருந்தாள். பாவம் பிள்ளை. அவளிலே எனக்கு ஒரு குறையும் இல்லை. “மாமி, யூ லுக் ரியலி டயர்ட்” என்றாள். அந்த வீட்டில் அதைக் கண்டது அவள் ஒருத்திதான்.

அண்ணை என்னைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனார், அரிசி மூட்டை எடுக்கிற சாட்டில்.

“உந்தத் திகதியைத் தள்ளிப் போடேலாதே? தை மாதத்துக்கு?”

“பாக்கிறன் அண்ணை.”

“அதுக்குள்ளை கலியாணத்தை முற்றாக்கிப் போடுவம். பிறகு நானே வந்து கூட்டிக்கொண்டு வருவன். சத்தியமா.”

அவர் கெட்டவரல்ல. 1995 இடப்பெயர்வில் சூட்கேசையும் என் சேர்ட்டிபிக்கேட்டுகளையும் தலையில் வைத்துக்கொண்டு பதினெட்டு மைல் நடந்தவர். சேர்ட்டிபிக்கேட்டுகள் நனையக் கூடாதென்று தன் சேர்ட்டால் சுற்றியவர். அதே ஆள்தான். அதுதான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கு.

அக்டோபர் 23, வியாழன்

வைத்தியசாலையிலிருந்து அழைப்பு. படிவம் வரவில்லையாம். எல்லாவற்றையும் ரெலிபோனிலேயே கேட்டார்கள். பதினோராவது வந்தது.

“அண்ணை” என்று சொல்லிவிட்டேன். நம்பரும் கொடுத்தேன். பொய் சொல்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு நானும் ஆள் உள்ளவள்.

அக்டோபர் 28, செவ்வாய்

அண்ணை.

“நீ என்ர நம்பரைக் குடுத்தனியே? அவையள் உறுதிப்படுத்த அடிச்சிருக்கினம். போனைத் தவநாயகி எடுத்திட்டா. ஆருக்கு ஒப்பரேஷன் எண்டு கேட்டு நிக்கிறா. நான் வேலையிடத்து ஆள் ஒராளுக்கு எண்டு சொல்லிப்போட்டன். நகுலா, நான் கேட்டனான் தானே—”

வைத்துவிட்டேன். அண்ணையின் அழைப்பை நானாகத் துண்டித்தது இதுதான் முதல் தடவை.

வேலையிடத்து ஆள் ஒராள்.

அக்டோபர் 29, புதன்

வைத்தியசாலைக்கு நானே அடித்துச் சொன்னேன். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினாள். திங்கட்கிழமைக்குள் வேறு பெயர் கொடுத்தால் சரி. இல்லாவிட்டால் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், அடுத்தது பெப்ரவரி. “உங்கள் விஷயத்தில் பெப்ரவரி வரை விடுவது நல்லதில்லை என்று டொக்டர் குறிப்பு எழுதியிருக்கிறார்” என்றாள். குறிப்பில் வேறென்ன என்று கேட்டேன். அதை டொக்டர்தான் சொல்ல வேண்டுமாம்.

இன்று “பெரும்பாலும்” வரவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

செயின்ட் லூசியா அனுப்பிவிட்டேன். “பண்பாடு” என்பதன் கீழ் பூச் சங்கங்களைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். இந்தமுறை படித்துவிட்டு. அடிமைகளாக இருந்த காலத்திலேயே தொடங்கியவை என்கிறார்கள். ஒருவர் நோயில் படுத்தால் மற்றவர்கள் பார்க்க வேண்டும், இறந்தால் எடுத்து அடக்கம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருந்ததாம். ராசாவும் நீதவானும் வெறும் கூத்து என்று நான் நினைத்தேன். கூத்துத்தான். ஆனால் தங்களை ஆளாகக் கணக்கெடுக்காத ஒரு அரசாங்கத்தின் கீழ் இருந்துகொண்டு, தாங்களே ஒருவரை ஒருவர் பதவி வைத்து அழைத்திருக்கிறார்கள்.

எடிட்டர் அந்தப் பந்தியை வெட்டிவிட்டார். “சுவாரசியம். ஆனால் வாடிக்கையாளருக்குத் தேவைப்படாது.”

நவம்பர் 1, சனி

மேலே மிஸ் பிலோமின் நடக்கும் சத்தம். வலது கால் கொஞ்சம் இழுக்கிறது. ஒன்பது வருடம் கேட்டிருக்கிறேன், கவனிக்கவில்லை.

போய்க் கேட்டால் என்ன? என்ன சொல்லிக் கேட்பது? எனக்கு ஒருவரும் இல்லை என்றா? அதைச் சொல்ல வாய் வராது. ட்ரைவிங் லைசென்ஸ் நீட்டியதை அவர் பார்த்திருக்கிறார். அதற்குமேல் இன்னொன்றையும் நீட்டுவதா?

பயத்தங்காய்க் கறி வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

பூசை முடிந்து அவர் வரும் நேரம் தெரியும். படிக்கட்டடியில் நின்றேன். குப்பைப் பையோடு, அதற்காகத்தான் நிற்பதுபோல. இன்று குப்பை நாளல்ல.

வந்தார். நெற்றியில் மழைத்துளி. குடையை உதறிக்கொண்டு “குட் மோர்னிங், மிஸ் நகுலா” என்றார், ஒன்றும் நடக்காததுபோல.

ஆயத்தம் செய்து வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. வேறொன்று வந்தது.

“என்னுடைய தண்டனை” என்றேன். “அந்த ஓரிரவு. அதை எப்போது அனுபவிக்க வேண்டும் என்று நீதவான் சொல்லவில்லை.”

அவர் குடையை மடித்தார். “அதொரு பகிடி, பிள்ளை.”

“தெரியும். ஆனால் நான் அதை அனுபவிக்க விரும்புகிறேன். ஆறாம் திகதி, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு என்னை ஒரு இடத்திலிருந்து பொறுப்பெடுக்க வேண்டும். பொறுப்பெடுக்கிறவர் கையெழுத்து வைக்க வேண்டும். இரவு முழுக்கக் காவல் இருக்க வேண்டும்.”

“எந்த இடம்?”

வைத்தியசாலையின் பெயரைச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நீளமாக. என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. ஏன் உன் ஆட்கள் இல்லையா என்று கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து சிறிய டயறியை எடுத்தார்.

“வியாழன் எனக்கு முழங்கால் கிளினிக்” என்றார். “அதைத் தள்ளிப் போடலாம்.”

நான் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு திரும்ப வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

பெயர் கொடுத்தேன். உறவுமுறை கேட்டார்கள். அயலவர் என்றேன்.

நவம்பர் 5, புதன்

பின்னேரத்திலிருந்தே வாணவெடி; இந்த நாட்டுக்காரரின் வெடித் திருநாள். ஒவ்வொரு வருடமும் நவம்பர் ஐந்து வரும் என்று தெரியும், ஒவ்வொரு வருடமும் தோள் தூக்கிப் போடுகிறது. ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

பை ஆயத்தம். படுக்கைச் சட்டை, செருப்பு, குளிசைப் பட்டியல். சாப்பாடு இரவு பன்னிரண்டு மணியோடு நிறுத்த வேண்டும்.

நாளைக்கு அவர் வருவாரா? மத்தியானம் படிக்கட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். “குளிர்தான்” என்றார். எழுபத்தாறு வயது. வராவிட்டாலும் கோபிக்க எனக்கு உரிமை இல்லை. பகிடித் தீர்ப்பு, பகிடி அரசாங்கம். நான் அரசறிவியல் படித்தவள். சட்டத்துக்குப் பின்னால் பலம் இல்லாவிட்டால் அது சட்டமல்ல என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவள்.

வைத்தியசாலையில் கண் முழித்தால் யார் நிற்பார்கள்? வேறு யாருக்கும் சொல்லவில்லை. அண்ணையிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு. எடுக்கவில்லை.

கூட்டிப்போக வருவாரா என்பது மட்டும்தான் இப்போது எனக்குத் தேவை. சோதனை முடிவு பிறகு.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று நடந்தது இதுதான்.

காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு பழைய நீலக் கார். மிஸ்டர் இப்போலித், கழுத்துப்பட்டியோடு. முன் ஆசனத்தில் மிஸ் பிலோமின். மூன்று மணிக்குத்தான் வர வேண்டும் என்றேன். “கைதியைக் கொண்டுபோய் விடுறதும் எங்கட பொறுப்பு” என்றார் நீதவான். நான் இருந்து பெல்ட் போட்டு, பையை மடியில் வைத்து, அசைவதை நிறுத்தும்வரை அவர் காரை எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

பிற்பகல் கண் முழித்தபோது முதலில் தெரிந்தது ஒரு மணிக்கூடு. தலைகீழாக. சாதாரணக் கபில நிறக் கோட்டில் அதைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். வார்ட் நேர்ஸ் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாக, எந்த வைத்தியசாலையில் வேலை செய்தீர்கள் என்று கேட்டாள்.

“மார்கரிட்டிலை” என்றார் மிஸ் பிலோமின். “முப்பத்தொரு வருசம்.”

அவள் தலையாட்டினாள். பிறகு தாளைப் பார்த்து, இவர் உங்களுக்கு அயலவர்தானே, இரவு தங்குவீர்களா என்று கேட்டாள்.

“அயலவ இல்லை. என்ர கைதி.”

நேர்ஸ் என்னைப் பார்த்தாள். “ஓம், உண்மைதான்” என்றேன். தமிழில் சொல்லியிருக்கிறேன்; பிறகுதான் தெரிந்தது. எப்படியோ அவள் எழுதிக்கொண்டாள். மிஸ் பிலோமின் கையெழுத்து வைத்தார், ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக.

சிறை மாடியில்தான். என்னைத் தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, முழங்காலுக்கு ஒரு தலையணை போட்டுக் கதிரையில் இருந்தார். சூப் தந்தார், இரண்டு கோப்பை. இடைக்கிடை என் மணிக்கட்டைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நாடியை எண்ணினார். யோன், டே, ட்வா, காட். நடுவில் விட்டுவிட்டால் முதலிலிருந்து. யார் கேட்டது எண்ணச் சொல்லி? ஒருவரும் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தேன். அறுபதுவரை கேட்டது நினைவிருக்கிறது.

இன்று காலை அண்ணை அடித்தார். எடுத்தேன்.

“முடிஞ்சுதோ?”

“ஓம்.”

“ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?”

“நேர்ஸும் நீதவானும்.”

நான் பகிடி விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். பிறகு, “நான் வந்திருக்க வேணும்” என்றார்.

“ஓம் அண்ணை.”

“நோகுதோ?”

“கொஞ்சம்.”

சோதனை முடிவு மூன்று கிழமையில் வரும். அதைப் பற்றி இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

பத்து மணிக்கு மிஸ் பிலோமின் நீதவானுக்கு அறிக்கை கொடுத்தார், ஸ்பீக்கரில் போட்டு, நானும் கேட்கும்படி. கைதிக்குக் காய்ச்சல் இல்லை. ஓடப் பார்க்கவில்லை. இரண்டு கோப்பை சூப். விடியும்வரை நல்ல நித்திரை.

மறுபக்கத்தில் மிஸ்டர் இப்போலித் யோசித்தார். தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தீர்ப்பு. கைதி நேர்ஸின் கட்டிலில் படுத்து, நேர்ஸைக் கதிரையில் இருத்தி, நன்றாக நித்திரை கொண்டிருக்கிறாள். இது தண்டனையாகாது. ஆகவே ரோசாப்பூக் குற்றம் இன்னும் அப்படியே நிலுவையில் இருக்கிறது.

தவணை டிசம்பர் 13, சனி. புனித லூசியா நாள். அன்று பாட வேண்டும்.

எனக்குப் பாட்டுத் தெரியாது என்று சொன்னேன். அதற்கு ஐந்து கிழமை இருக்கிறதாம்.